கண்ணாடிக் கோளமும் வானவில்லும்: அறிஞர் இப்னுல் ஹைதம் விட்டுச்சென்ற கேள்வி

மாலை வெயில் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் சாயும் நேரம். பழைய அலமாரியில் பதித்திருக்கும் நிலைக்கண்ணாடியின் சரிவாகச் சீவிய ஓரத்தில் அந்த வெயில் படுகிறது. எதிர்ச் சுவரில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக ஒரு சின்னக் கீற்று விழுகிறது. பிள்ளைகள் அதைக் கையால் மூடிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். நிறம் அவர்கள் கை மேலேயே ஏறிக்கொள்கிறது. கண்ணாடியில் நிறமில்லை, வெயிலிலும் நிறம் தெரியவில்லை, பிறகு இது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

இதுபோன்ற கேள்விகளுக்கு விடை தேடிய ஒரு முஸ்லிம் அறிஞர் இருந்தார். அவர் பெயர் நமக்குப் புதிதல்ல. பள்ளி ஆண்டுமலர்களிலும் கைப்பேசிக்கு வரும் செய்திகளிலும் அவரை அடிக்கடி பார்க்கிறோம். கேமராவைக் கண்டுபிடித்தவர், மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் அவரைப் பெருமைப்படுத்திவிட்டு நகர்ந்தும் விடுகிறோம். உண்மையில் அவர் கேமராவையும் செய்யவில்லை, மூக்குக்கண்ணாடியையும் செய்யவில்லை. அவர் செய்தது அவற்றைவிடப் பெரிய வேலை. அதை அறிய வேண்டுமானால் அவர் வாழ்க்கையை, அதில் அவர் சந்தித்த தோல்விகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பஸராவிலிருந்து கெய்ரோவுக்கு

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 965இல், இராக்கின் பஸரா நகரில் பிறந்தார். அப்பாஸிய கிலாஃபத் அரசியலில் தளர்ந்திருந்தாலும் அறிவுத்துறையில் செழித்திருந்த காலம் அது. கிரேக்கர்களின் கணித, வானியல் நூல்கள் அரபிக்கு வந்து சேர்ந்திருந்தன. யூக்ளிடையும் தாலமியையும் படிக்க பஸராவிலும் பக்தாதிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் இளைஞராக இருந்த 984ஆம் ஆண்டுவாக்கில், பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற கணித அறிஞர், ஒளியைக் குவித்து எரிக்கும் ஆடிகள் பற்றியும் வில்லைகள் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இன்று ஸ்னெல் என்ற டச்சுக்காரரின் பெயரால் வழங்கும் ஒளிவிலகல் விதி, அந்த நூலில் வடிவ கணித முறையில் இருப்பதை ஆய்வாளர்கள் நம் காலத்தில் கண்டறிந்தார்கள். இப்னுல் ஹைதம் வளர்ந்த அறிவுச் சூழல் அப்படிப்பட்டது.

எகிப்தை அப்போது ஃபாத்திமியக் கலீஃபா அல்ஹாகிம் ஆண்டுவந்தார். கெய்ரோவில் 1005இல் ஒரு பெரிய அறிவு இல்லத்தை நிறுவியவர் அவர். அதே சமயம் மனம் எந்த நேரம் எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாதவர். நைல் நதி ஓராண்டு பெருகி ஊரை அழிக்கும், மறு ஆண்டு வற்றிப் பஞ்சம் தரும். நான் எகிப்தில் இருந்தால் அந்த நீரைச் சீராக்க வழி செய்வேன் என்று இப்னுல் ஹைதம் சொன்னதாகக் கலீஃபாவின் காதுக்குச் செய்தி எட்டியது. அழைப்பு வந்தது. கெய்ரோவுக்கு வெளியே வந்து கலீஃபாவே அவரை வரவேற்றார் என்று வரலாற்று ஆசிரியர் அல்கிஃப்தீ எழுதுகிறார்.

ஆட்களோடும் கருவிகளோடும் இப்னுல் ஹைதம் நைலின் தெற்கே பயணமானார். வழியெங்கும் பழங்கால எகிப்தியர்கள் கட்டிய பிரமாண்டமான கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் நேர்த்தியும் அவரைச் சிந்திக்க வைத்தன. இவ்வளவு கணக்கும் கைத்திறனும் தெரிந்த மக்கள், நைலைத் தடுக்க முடிந்திருந்தால் அதைச் செய்யாமலா விட்டிருப்பார்கள்? அஸ்வான் அருகே அவர் மனத்தில் வைத்திருந்த இடத்தை அடைந்து ஆராய்ந்தபோது ஐயம் உறுதியானது. தம் திட்டம் அந்தக் காலத்துச் சக்திக்கு உட்பட்டதல்ல என்று புரிந்துகொண்டார். அதே அஸ்வானில் பேரணை கட்டி முடிக்கப்பட்டது 1970இல்தான் என்பதை நினைத்தால், அவர் கண்ட கனவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

அவர் திரும்பி வந்து கலீஃபாவின் முன் நின்றார். சாக்கு சொல்லவில்லை. தம் கணக்கு தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

நான்கு சுவர்களுக்குள்

கலீஃபா அதை ஏற்றுக்கொண்டது போல அவருக்கு ஓர் அரசுப் பதவியும் கொடுத்தார். ஆனால் சிறு காரணத்துக்கும் உயிர் பறிக்கத் தயங்காத ஆட்சியாளரின் அருகில் இருப்பது ஆபத்து என்பதை இப்னுல் ஹைதம் உணர்ந்தார். பதவியை மறுக்கவும் முடியாது, வகிக்கவும் முடியாது. கடைசியில் புத்தி பேதலித்தவர் போல நடந்துகொண்டார். அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். 1021இல் அல்ஹாகிம் முகத்தம் மலைப் பக்கம் சென்று காணாமல் போகும்வரை அந்த நிலை நீடித்தது என்று அல்கிஃப்தீயின் குறிப்பு கூறுகிறது.

ஒரு மேதையைப் பைத்தியம் என்று ஊரே நம்பிய ஆண்டுகள் அவை. அவருடைய தலைசிறந்த நூலான கிதாபுல் மனாஸிர் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டது என்று கருதப்படுகிறது. பார்வையையும் ஒளியையும் பற்றிய 7 பகுதிகள் கொண்ட பெருநூல் அது.

விடுதலைக்குப் பின் அவர் அரசவைப் பக்கம் போகவில்லை. அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு சிறு குடியிருப்பில் தங்கினார். ஆண்டுதோறும் யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் இடைநிலைக் கணித நூல்களின் தொகுப்பையும் தம் கையால் படியெடுத்து விற்றார். அதற்குக் கிடைத்த 150 தீனார் அவருடைய ஓராண்டுச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் ஆய்வும் எழுத்தும்தான். ஹிஜ்ரி 430, கி.பி. 1040 வாக்கில் கெய்ரோவிலேயே மறைந்தார்.

இருட்டறையில் கண்ட வெளிச்சம்

அவருக்கு முன்னால், கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதினார்கள். இப்னுல் ஹைதம் எளிய அனுபவங்களைக் காட்டி அதை மறுத்தார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் வலிக்கிறது. கடும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் சாயல் நிற்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது. ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது.

இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளை. வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வெளிச்சப் புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் மறைந்தது. எல்லா ஒளியும் ஒரே துளை வழியாக வந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

நிறத்தைப் பற்றியும் அவர் நிறைய எழுதினார். வெயில் படும் பசுஞ்செடிகளின் அருகே வெள்ளைத் துணி இருந்தால் அதில் பச்சைச் சாயல் படிவதைக் கவனித்தார். பொருளின் நிறம் ஒளியோடு சேர்ந்தே பயணம் செய்து கண்ணை அடைகிறது என்றார். பல வண்ணக் கோடுகள் போட்ட பம்பரம் வேகமாகச் சுழலும்போது எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரிவதைக் காட்டி, நிறத்தை உணர்வதற்கும் கொஞ்சம் நேரம் தேவை என்று விளக்கினார். பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலையல்ல, உள்ளே இருக்கும் அறிவும் சேர்ந்து செய்யும் வேலை என்பது அவர் முடிவு.

கண்ணாடிக்குள் நுழையும் ஒளி

நூலின் 7ஆம் பகுதி முழுவதும் ஒளிவிலகல் பற்றியது. விளிம்பில் பாகைகள் குறித்த ஒரு வட்டக் கருவியைச் செய்து, தண்ணீரிலும் கண்ணாடியிலும் ஒளி எப்படி வளைகிறது என்று சோதித்தார். காற்றிலிருந்து அடர்த்தியான பொருளுக்குள் சாய்வாக நுழையும் ஒளி, பரப்புக்குச் செங்குத்தான கோட்டை நோக்கி வளைகிறது. வெளியேறும்போது அந்தக் கோட்டை விட்டு விலகுகிறது. அடர்ந்த பொருளுக்குள் ஒளியின் ஓட்டம் தடைபட்டு மெதுவாகிறது என்பதே அவர் சொன்ன காரணம். இன்றைய அளவீட்டின்படி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, சாதாரணக் கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டியை மேலிருந்து பார்த்தால் அதன் ஆழம் முக்கால் பங்காகத் தெரிவதும், தம்ளரில் வைத்த கரண்டி முறிந்தது போலத் தெரிவதும் இதனால்தான்.

இதில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. எல்லா நிறங்களும் ஒரே அளவில் வளைவதில்லை. கண்ணாடிக்குள் சிவப்பு குறைவாக வளைகிறது, ஊதா அதிகமாக வளைகிறது. ஜன்னல் கண்ணாடியின் இரு பக்கங்களும் இணையாக இருப்பதால், நுழையும்போது ஏற்பட்ட வளைவு வெளியேறும்போது சரியாகிவிடுகிறது. அதனால் வெளியே இருக்கும் மரம் பச்சையாகவே தெரிகிறது. அலமாரிக் கண்ணாடியின் சீவிய ஓரத்திலும் முப்பட்டகத்திலும் பக்கங்கள் இணையாக இல்லை. பிரிந்த நிறங்கள் பிரிந்தபடியே வெளிவருகின்றன. அதிக பவர் உள்ள தடித்த மூக்குக்கண்ணாடி அணியும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓரமாகப் பார்த்தால் வெள்ளைக் குழல்விளக்கின் விளிம்பில் நீலமோ செம்மஞ்சளோ தெரிகிறது என்பார்கள். கண்ணில் கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. வில்லையின் ஓரம் முப்பட்டகம் போல வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னலின் கதை வேறு. அங்கே கண்ணாடி நிறங்களைப் பிரிப்பதில்லை. சிலவற்றை விழுங்கிவிட்டு மற்றவற்றை மட்டும் வெளியே விடுகிறது. சிவப்புக் கண்ணாடி வழியாக வருவது, ஏற்கெனவே வெயிலில் இருந்த சிவப்பு.

வானவில்லில் தவறினார்

இவ்வளவு தெரிந்த இப்னுல் ஹைதம், வானவில்லை விளக்கியபோது தவறினார். வானவில்லையும் நிலவைச் சுற்றிய வட்டத்தையும் பற்றித் தனி நூல் எழுதினார். மேகம் குழிந்த ஆடி போல இருந்து சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வானவில் தோன்றுகிறது என்று அதில் விளக்கினார். ஒளிவிலகலை அவரைப் போல ஆராய்ந்தவர் அன்று வேறு யாருமில்லை. ஆனாலும் வானவில்லில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், சரியான விடைக்கான திறவுகோலும் அவர் கையிலேயே இருந்தது. எரிக்கும் கோளம் பற்றி அவர் இன்னொரு நூல் எழுதியிருந்தார். உருண்டையான கண்ணாடிக்குள் சூரிய ஒளி நுழைந்து, வளைந்து, வெளியே வந்து எங்கே குவிகிறது என்று அதில் நுட்பமாகக் கணக்கிட்டிருந்தார். மழைத்துளியும் ஓர் உருண்டைதான். அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க அவர் ஆயுள் போதவில்லை.

தப்ரீஸில் ஒரு மாணவர்

ஏறக்குறைய 3 நூற்றாண்டுகள் கடந்தன. மங்கோலியர்களின் படையெடுப்பில் பக்தாத் 1258இல் வீழ்ந்தது. அதன் பிறகு ஈரானின் தப்ரீஸ் நகரில் குத்புத்தீன் அஷ்ஷீராஸீ என்ற அறிஞரிடம் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ என்ற மாணவர் பயின்றார். தண்ணீரிலும் கண்ணாடியிலும் ஒளி வளைவது பற்றி நூல்களில் கண்ட விளக்கங்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆசிரியரிடம் கேட்டார். தெரிந்தது போல எதையாவது சொல்லிச் சமாளிக்க ஆசிரியர் முயலவில்லை. இளமையில் தாம் கண்ட இப்னுல் ஹைதமின் பெருநூலை நினைவுகூர்ந்து, தூர தேசத்திலிருந்து அதன் பிரதியை வரவழைத்துக் கொடுத்தார்.

கமாலுத்தீன் அதைப் படித்தார், விளக்கவுரை எழுதினார், தவறென்று கண்ட இடங்களைத் திருத்தினார். தன்கீஹுல் மனாஸிர் என்பது அவ்வாறு பிறந்த நூல். அதில் எரிக்கும் கோளம் பற்றிய நூலையும் எடுத்துக்கொண்டு, இப்னுல் ஹைதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பெரிய கண்ணாடிக் கோளத்தில் தண்ணீர் நிரப்பினார். அதுதான் அவருடைய மழைத்துளி. இருட்டறையில் வைத்து, ஒளியை ஒரு துளை வழியாக விட்டார். கோளத்தின் ஒவ்வொரு பகுதியாக மறைத்து, எந்தக் கதிர் எந்த நிறத்தைத் தருகிறது என்று பார்த்தார்.

விடை கிடைத்தது. ஒளி துளிக்குள் நுழையும்போது ஒருமுறை வளைகிறது, உள்ளே பின்சுவரில் பட்டு ஒருமுறை திரும்புகிறது, வெளியே வரும்போது மீண்டும் வளைகிறது. இதுவே முதல் வானவில். உள்ளே இரண்டு முறை பட்டுத் திரும்பினால் மேலே மங்கலான இரண்டாவது வில் தோன்றும், அதில் நிறங்களின் வரிசை தலைகீழாக இருக்கும். அதே காலத்தில் ஜெர்மனியில் தியோடரிக் என்ற கிறிஸ்தவத் துறவியும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடியைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவருக்கும் அடித்தளமாக இருந்தது இப்னுல் ஹைதமின் ஒளியியல். ஒருவர் அதை அரபியில் படித்தார், மற்றவருக்கு அது லத்தீன் மொழியில் கிடைத்தது.

கமாலுத்தீனும் முழுமையை எட்டிவிடவில்லை. ஒளியும் இருளும் கலக்கும் விதத்தால் நிறங்கள் பிறக்கின்றன என்றே அவர் நினைத்தார். வெள்ளை ஒளிக்குள்ளேயே எல்லா நிறங்களும் இருக்கின்றன, கண்ணாடி அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது என்பதை முப்பட்டகச் சோதனைகளால் நியூட்டன் நிறுவி 1672இல் வெளியிட்டார். கெய்ரோ, தப்ரீஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஒரு கேள்வி கைமாறிக் கைமாறிப் போய் விடை பெற்றது.

நமக்கு என்ன பாடம்?

இப்னுல் ஹைதமின் ஒளியியல் 1572இல் பாஸல் நகரில் லத்தீனில் அச்சானது. கமாலுத்தீனின் தன்கீஹுல் மனாஸிர் 1928 முதல் 1930 வரையான ஆண்டுகளில் நம் நாட்டின் ஹைதராபாத்தில், தாயிரத்துல் மஆரிஃப் வெளியீடாக அரபியில் வந்தது. இராக்கின் 10,000 தீனார் நோட்டில் இப்னுல் ஹைதமின் உருவம் இருக்கிறது. நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் மகிழ்ச்சி தருபவைதாம்.

ஆனால் அவர் நம்மிடம் எதிர்பார்த்தது பாராட்டை அல்ல. தாலமியின் நூல்களில் உள்ள பிழைகளைப் பற்றி அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். முன்னோர்களின் நூலைப் படிப்பவர் அவர்கள் மீதுள்ள மதிப்பால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது, தம் சொந்தப் புரிதலையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும், சான்றை மட்டுமே பின்பற்ற வேண்டும் என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்து. கமாலுத்தீன் அந்தச் சொல்லை அவர் மீதே பயன்படுத்தினார். அவரைத் திருத்தியதன் மூலம்தான் அவரை உண்மையாகக் கௌரவித்தார்.

நாமோ, வந்த செய்தியைச் சரிபார்க்காமலேயே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று நம் பிள்ளை வகுப்பில் சொல்லி, ஆசிரியர் அதைத் தவறு என்று திருத்தினால், பிள்ளைக்கு அந்த அறிஞரின் மீதே ஐயம் வந்துவிடும். இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கும் பெருமையும் போய்விடும். நைல் திட்டம் தவறியதை ஒப்புக்கொண்ட நேர்மையும், சிறைப்பட்ட வீட்டில் ஒளியைத் தேடிய உறுதியும், கைப்பிரதி எழுதிப் பிழைத்த எளிமையும் போதாதா நம் பிள்ளைகளுக்குச் சொல்ல?

அடுத்த முறை சுவரில் அந்த வண்ணக் கீற்று விழும்போது பிள்ளைகளை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். ஒரு வட்டமான கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் நிரப்பி வெயிலில் பிடித்துக் காட்டுங்கள். ஒரு கட்டளை மட்டும் முக்கியம், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, குப்பி வழியாகவும் பார்க்கக் கூடாது, வெள்ளைத் தாளில் விழும் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் குப்பியை வெயிலில் விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். எரிக்கும் கோளம் என்று இப்னுல் ஹைதம் பெயர் வைத்தது காரணமில்லாமல் அல்ல.

ஏன் என்று அவர்கள் கேட்கட்டும். நமக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். பிறகு குத்புத்தீன் செய்ததுபோல், தெரிந்த நூலைத் தேடி எடுத்து அவர்கள் கையில் கொடுப்போம். இப்னுல் ஹைதமுக்கும் கமாலுத்தீனுக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான். எல்லாவற்றையும் முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.